ஒரு μ தட்ட எத்தனை வழி?

மருந்தியல் பாடம் ஒன்றைப் பக்கம் கட்டும் வேலை ஒருமுறை கைக்கு வந்தது. மூலக் கோப்பு பழையது. திறந்து பார்த்தேன், எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. முழுவதையும் ஒரே எழுத்துருவுக்கு மாற்றி, பக்கங்களைக் கட்டி அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் திருப்பி அனுப்பிய தாளில் சிவப்பில் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு வரி: "50 மில்லிகிராமா? மைக்ரோகிராம் இல்லையா?"

தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மூலத்தில் இருந்தது உண்மையான μ இல்லை. ஆங்கில 'எம்' எழுத்தைத் தட்டி, அதன்மேல் 'சிம்பல்' என்ற எழுத்துருவைப் போர்த்தியிருந்தார்கள். அந்த எழுத்துருவில் 'எம்' விசையைத் தட்டினால் μ, 'ஏ' தட்டினால் α. நான் எழுத்துருவை மாற்றியதும் போர்வை விலகி 'எம்' வெளியே வந்துவிட்டது. கிராமுக்கு முன்னால் μ நின்றால் மைக்ரோ, 'எம்' நின்றால் மில்லி. மருந்தின் அளவு ஆயிரம் மடங்கு ஏறிவிட்டது.

பாமினியில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த நோய் தெரிந்ததுதான். ஆனால் அங்கே வருவது அப்பட்டமான குப்பை. ஏதோ கோளாறு என்று பார்த்த நொடியே தெரிந்துவிடும். இங்கே தப்பு சரியான வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது. அதுதான் ஆபத்து.

அதற்கப்புறம் கிரேக்க எழுத்துகளையும் குறிகளையும் தட்ட இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பழகிப் பார்த்தேன். திரையில் எல்லா வழியிலும் ஒரே μதான் தெரிகிறது. கைக்கு எவ்வளவு வேலை, கோப்புக்குள் உண்மையில் எந்தக் குறியெண் (ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் எண்) போய் உட்காருகிறது என்ற இரண்டில்தான் வேறுபாடு. முதலாவதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அடி விழுவதோ இரண்டாவதில்.

சிம்பல் எழுத்துரு வழியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், க்யூ மூன்றையும் அழுத்திவிட்டு ஒரு எழுத்தைத் தட்டும் பழக்கம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. விட்டுவிடுங்கள். பழைய கோப்பு கைக்கு வந்தால், எழுத்துருவில் கை வைப்பதற்கு முன் சிம்பல் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி, உண்மையான எழுத்தாக மாற்றிவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

ஆல்ட் எண்கள்: பழைய மனப்பாடம்

விண்டோஸில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு, வலப்பக்க எண்பலகையில் 0176 என்று அடித்தால் ° வரும். 0177 என்றால் ±, 0215 என்றால் ×, 0181 என்றால் மைக்ரோ குறி. நாலைந்து குறிகளோடு பிழைப்பு நடத்துபவருக்கு இது வேகமான வழி. எதையும் நிறுவ வேண்டாம், எலியைத் தொட வேண்டாம்.

கிரேக்கத்துக்கு வந்தால்தான் தகராறு. முன்னால் சுழியம் போட்டால் ஒரு அட்டவணை, போடாவிட்டால் வேறு அட்டவணை. சுழியம் இல்லாத எண்கள் 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 437 என்ற எழுத்து அட்டவணையிலிருந்து வருகின்றன. 224 அடித்தால் α, 227 அடித்தால் π, 234 அடித்தால் Ω. ஆனால் அந்த அட்டவணையில் கிரேக்கம் முழுதாக இல்லை. λ கிடையாது. சிறிய θ கிடையாது, சிறிய ω கிடையாது. அதைவிட மோசம் 225. அங்கே β மாதிரி ஒன்று இருக்கும். தட்டிவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடுவீர்கள். உண்மையில் அது ஜெர்மன் மொழியின் இரட்டை 'எஸ்'. பழைய திரையில் ஒரே உருவம் இரண்டு வேலையையும் பார்த்தது; எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொது அட்டவணையாக யூனிகோடு வந்தபோது அந்த இடத்தை ஜெர்மன் எழுத்துக்கே கொடுத்துவிட்டார்கள். பீட்டா கதிர் பற்றிய பாடத்தில் ஜெர்மன் எழுத்து உட்கார்ந்திருப்பதைச் சின்ன எழுத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். பெரிதாக்கி அச்சிட்டால் தெரியும்.

இன்னொன்று, மேற்கு ஐரோப்பிய அமைப்பில் ஓடும் விண்டோஸில் 437-க்குப் பதில் 850 என்ற அட்டவணை இருக்கும். அங்கே 227 அடித்தால் π வராது, தலையில் கோடு போட்ட 'ஓ' வரும். போதாததற்கு, எண்பலகையே இல்லாத மடிக்கணினிகள் இன்று ஏராளம். மேல்வரிசை எண்கள் இந்த வேலைக்கு உதவாது. ஆக, °, ±, × மூன்றுக்கும் ஆல்ட் எண் சரி. கிரேக்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதன் தம்பி ஒருவன் வேர்டுக்குள் இருக்கிறான், நல்ல பிள்ளை. யூனிகோடு குறியெண்ணைத் தட்டிவிட்டு உடனே ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்த வேண்டும். 0394 தட்டி அழுத்தினால் Δ. 2264 என்றால் ≤. 2192 என்றால் →. அப்படியே திரும்பவும் நடக்கும்: ஒரு குறிக்குப் பின்னால் கர்சரை வைத்து அழுத்தினால், அது தன் குறியெண்ணைக் காட்டும். தட்டுவதற்கு இந்த வழியை நான் அதிகம் நாடுவதில்லை, எண்களை யார் நினைவில் வைப்பது? ஆனால் விசாரணைக்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை. எக்ஸெலிலும் உலாவியிலும் இது வேலை செய்யாது. எக்ஸெலில் வேண்டுமானால் யூனிகார் என்ற செயற்கூறு இருக்கிறது. அதற்குள் 956 கொடுத்தால் μ வரும்.

பொறுக்கி எடுக்கும் பலகைகள்

விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் எமோஜிப் பலகை திறக்கும். சிரிக்கும் முகங்களைத் தாண்டிப் போனால் குறிகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றும் சேர்ந்தால் இதே மாதிரி ஒரு பலகை. அங்கே பெயரைத் தட்டித் தேடலாம், அடிக்கடி வேண்டியதை விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். கூகுள் டாக்ஸில் சிறப்பு எழுத்துகளுக்கான பெட்டியில் கையால் வரைந்து காட்டினாலே ஒத்த குறிகளை எடுத்துக் கொடுக்கும். பெயர் தெரியாத குறி ஒன்று கண்ணில் பட்டால் எனக்கு அதுதான் கைகொடுக்கிறது.

வாரத்துக்கு ஒருமுறை ஒரு குறி தேவைப்படுபவருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஒரு பக்கத்தில் முப்பது குறி வந்தால் பொறுமை போய்விடும்.

எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டுவதும் இந்த வகைதான். அதைக் கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒட்டும்போது கன்ட்ரோலோடு ஷிஃப்ட்டையும் சேர்த்துக்கொண்டு 'வி'யை அழுத்துங்கள்; பல நிரல்களில் மூல இடத்தின் எழுத்துருவும் நிறமும் ஒட்டிக்கொண்டு வராமல் வெறும் குறி மட்டும் வரும். விண்டோஸில் நகலெடுத்தவற்றின் வரலாறு என்று ஒரு வசதி உண்டு, விண்டோஸ் விசையும் 'வி'யும். அதை இயக்கிவிட்டு μ, °, ± போன்றவற்றை அங்கே ஊசி குத்தி நிறுத்திவிட்டால், கணினியை அணைத்துப் போட்டாலும் போகாது. எதையும் நிறுவ அனுமதி இல்லாத அலுவலகக் கணினியில் நான் இப்படித்தான் காலம் தள்ளினேன்.

கிரேக்க விசைப்பலகையையே போட்டுக்கொண்டால்?

தமிழில் தட்டுபவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றும் யோசனை. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நாள் முழுக்கத் தாவிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதாகக் கிரேக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் என்ன? அமைப்புகளில் போய் மொழியைச் சேர்த்தால் போதும், காசு இல்லை. விசைகளும் பெரும்பாலும் ஒலிப்படியே இருக்கின்றன: 'ஏ'யில் α, 'பி'யில் β, 'டி'யில் δ, 'எல்'லில் λ, 'எம்'மில் μ. சில மட்டும் மனதில் பதிய வேண்டும். θ இருப்பது 'யூ' விசையில், ω 'வி'யில், ψ 'சி'யில், ξ 'ஜே'யில், η 'எச்'சில். ஒரு மாலை பழகினால் கை பிடித்துக்கொள்ளும்.

நானும் ஒரு மாதம் வைத்திருந்தேன். கழற்றிவிட்டேன். இரண்டு மொழிகளுக்கிடையே தாவும்போது விரலுக்குக் கணக்கு தெரியும். இன்னொரு முறை அழுத்தினால் மற்றது. மூன்றானதும் எங்கே நிற்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் மூலையைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு μவுக்காகப் போய், அதைத் தட்டி, திரும்பி வர மறந்து, அடுத்த சொல்லைக் கிரேக்கத்தில் பாதி தட்டி, அழித்து... இதெல்லாம் ஒரு எழுத்துக்காக!

அதைவிட நுட்பமான தொல்லை ஒன்று. கிரேக்கப் பெரிய எழுத்துகளில் பாதிக்கு மேல் ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் போலவே இருக்கும். கிரேக்கப் பலகையில் இருப்பதை மறந்து பெரிய 'ஏ' தட்டினால் வருவது ஆல்ஃபா. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடினால் கிடைக்காது, கடவுச்சொல்லில் விழுந்தால் உள்ளே விடாது, நிரலில் விழுந்தால் பெயர் பொருந்தாது. கிரேக்கச் சொற்களையே முழுசாக எழுத வேண்டியவர்களுக்கு, அதாவது மொழியியல், இறையியல், பழைய இலக்கியம் படிப்பவர்களுக்கு, வேறு வழியே வேண்டாம், இதுதான் சரி. அறிவியலுக்கு ஒற்றை எழுத்து தட்டுபவர்களுக்கு இது ஊசி எடுக்கக் கடப்பாரை.

சுருக்கம் வைத்துக்கொள்வது

என் தேர்வு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு சின்னத் தூண்டுசொல்லைத் தட்டினால் அது தானாகக் குறியாக மாற வேண்டும். வேர்டில் தானியங்கித் திருத்தப் பட்டியல் இருக்கிறது. விண்டோஸ் முழுக்க வேண்டுமானால் ஆட்டோஹாட்கீ, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வேண்டுமானால் எஸ்பான்ஸோ, இரண்டும் இலவச நிரல்கள். மேக்கில் விசைப்பலகை அமைப்புகளுக்குள்ளேயே சொல்மாற்றுப் பட்டியல் இருக்கிறது, ஆனால் எல்லாச் செயலியும் அதை மதிப்பதில்லை.

என் பட்டியல் இப்படித் தொடங்கியது: அரைப்புள்ளி, அதை ஒட்டியே ஓர் எழுத்து. அரைப்புள்ளியும் 'எம்'மும் சேர்ந்தால் μ, அரைப்புள்ளியும் 'டி'யும் சேர்ந்தால் δ. உரைநடையில் அரைப்புள்ளிக்குப் பின்னால் எப்போதும் இடைவெளி வரும், எனவே தவறி மாறிவிடாது. நிரல் எழுதுபவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். ஃபார் வளையத்தில் அரைப்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் 'ஐ' தட்டும் பழக்கம் இருந்தால், அங்கே ஒரு ι முளைத்து நிற்கும். எழுத்தாகவே தெரியாத அளவு ஒல்லியான எழுத்து. கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றும். அவர்கள் இரட்டை அரைப்புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் தட்டும்போது இன்னொரு சிக்கல். தமிழ்99 விசை அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அரைப்புள்ளி விசையை அழுத்தினால் 'ந', 'எம்' விசையை அழுத்தினால் 'ர'தானே வரும்? தூண்டுசொல் பொருந்தவில்லை, μ வரவில்லை. ஒரு குறிக்காக ஆங்கிலத்துக்குப் போய்வரும் பழைய கதைதான் மறுபடியும். கடைசியில் வேர்டின் பட்டியலில் "நர" என்பதற்கும் μ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். இப்போது எந்த மொழியில் இருந்தாலும் விரல் போகும் இடம் ஒன்றுதான். ஆனால் வேர்டில் இந்தப் பட்டியல் மொழிவாரியாகத் தனித்தனி. ஆங்கிலத்துக்குச் சேர்த்தது தமிழ்ப் பத்தியில் வராமல் போனால் திகைக்க வேண்டாம். அந்த மொழியில் நின்றுகொண்டு மறுபடி சேர்க்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. வேர்டின் திருத்தம் இடைவெளியோ நிறுத்தற்குறியோ தட்டிய பிறகுதான் நடக்கும். μவும் கிராம் குறியும் ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில் நடுவில் ஓர் இடைவெளி வந்து, அதைப் பின்னால் போய் அழிக்க வேண்டியிருக்கிறது. ஆட்டோஹாட்கீயில் காத்திருக்காமல் உடனே மாறச் சொல்லலாம். அதன் கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பை மட்டும் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் சேமித்திருக்கிறீர்களா என்று பாருங்கள், பழைய பதிப்பில் இது பிசகினால் μவுக்குப் பதில் குப்பை கொட்டும். இன்னொரு கணினியில் போய் உட்கார்ந்தால் நம் பட்டியல் அங்கே இருக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பட்டியலை ஒரேயடியாகப் பெரிதாக்காதீர்கள். முதல் நாளே 24 எழுத்தையும் சேர்த்தேன்; ஆறு மாதத்தில் நான் உண்மையில் தட்டியது ஒன்பதோ பத்தோதான்.

லினக்ஸில் இதற்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு, கம்போஸ் விசை. 1980-களில் டெக் நிறுவனத்தின் விசைப்பலகைகளில் தனி விசையாகவே இருந்தது. இன்று வலது ஆல்ட்டையோ வேறு விசையையோ அதற்கு ஒதுக்கிக்கொள்ளலாம். அதைத் தட்டிவிட்டு '+', '-' தட்டினால் ±. '<', '=' தட்டினால் ≤. ஆங்கில 'ஓ'வை இரண்டு முறை தட்டினால் °. குறியின் உருவத்தையே துண்டு துண்டாகச் சொல்வதால் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. விண்டோஸில் இதே சுகம் வேண்டுமானால் வின்கம்போஸ் இருக்கிறது. கணிதக் குறிகளும் நாணயக் குறிகளும் கலந்து கட்டித் தட்டுபவர்களுக்கு, என் தேர்வைவிட இதுவே மேல் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மேக்கில் ஆப்ஷன் விசை பாதி வேலையைத் தானே பார்த்துவிடுகிறது. அமெரிக்க விசை அமைப்பில் ஆப்ஷனோடு 'பி' (P) π, 'எம்' மைக்ரோ, 'இஸட்' Ω, 'வி' √, 'எக்ஸ்' ≈. α, λ போன்றவற்றுக்கு இடம் இல்லை. 'எஸ்'ஸோடு அழுத்தினால் β மாதிரி ஒன்று வரும். அது யார் என்று இப்போது உங்களுக்கே தெரியும், அதே ஜெர்மன்காரர்தான்.

சமன்பாடு என்றால் கதை வேறு

மேலே சொன்னதெல்லாம் வாக்கியத்துக்கு நடுவே ஒன்றிரண்டு குறி வரும் எழுத்துக்கு. வகுகோடும் மேலெழுத்தும் கூட்டுத்தொகைக் குறியுமாகச் சமன்பாடு வந்தால் ஒற்றைக் குறியைத் தட்டும் வழிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேர்டில் ஆல்ட்டும் '=' விசையும் அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும்; பின்சாய்கோடு போட்டு எழுத்தின் ஆங்கிலப் பெயரைத் தட்டி இடைவெளி விட்டால் அது கிரேக்க எழுத்தாகிவிடும். கணித ஆவணங்களைத் தட்டெழுதும் லாடெக் அமைப்பிலும் இதே பெயர்கள்தான். ஜூப்பிட்டர் என்ற நிரல் குறிப்பேட்டில் பைத்தானோ ஜூலியாவோ எழுதுபவர்கள் அதே பெயரைத் தட்டி டேப் விசையை அழுத்தலாம். ஒருமுறை கற்றால் பல இடத்தில் செல்லும் காசு இது. வேர்டில் இந்தக் கணிதச் சுருக்கங்களைப் பெட்டிக்கு வெளியேயும் இயங்க அனுமதிக்கும் ஒரு தேர்வு அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டுமே எழுதுபவர் அதை இயக்கினாலே போதும், தனிப் பட்டியல்கூட வேண்டாம்.

லாடெக் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கணிதச் சூழலில் வரும் μ சாய்வாக இருக்கும், ஏனென்றால் அது ஒரு மாறி என்று லாடெக் நினைக்கிறது. அலகின் முன்னொட்டாக வரும் μ நிமிர்ந்து நிற்க வேண்டும். பன்னாட்டு அலகு முறையின் விதி அது. எஸ்ஐயூனிட்எக்ஸ் என்ற தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒரே முகம், இரண்டு குறியெண்

வழியைத் தேர்ந்துவிட்டாலும் இதைப் பார்க்காமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். யூனிகோடில் மைக்ரோ இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று கிரேக்க எழுத்து மியூ. இன்னொன்று மைக்ரோ குறி. பழைய லத்தீன்-1 அட்டவணையில் இருந்ததால் யூனிகோடின் முதல் 256 இடங்களுக்குள் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆல்ட்-0181, மேக்கின் ஆப்ஷன்-எம், கம்போஸ் விசையின் வழக்கமான மைக்ரோ மூன்றும் தருவது இந்தக் குறியை. கிரேக்க விசைப்பலகை தருவது எழுத்தை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு கோப்பில் வேலை செய்து, ஆளுக்கொரு வழியில் தட்டினால் என்ன ஆகும்? ஒன்றைத் தேடி மாற்றினால் மற்றது அப்படியே நிற்கும் இடங்கள் இருக்கின்றன. அட்டவணையில் அகரவரிசைப்படுத்தினால் பிரிந்து நிற்கும். பைத்தான் மாறிப் பெயர்களில் மட்டும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்; மேற்கோள் குறிக்குள் இருக்கும் உரையில் அந்தத் தயவு கிடையாது.

மின்தடை அலகான ஓமுக்கும் இப்படி ஒரு இரட்டை உண்டு; அதற்கு யூனிகோடே கிரேக்க Ωவைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. Δவுக்கும் மேக்கின் ஆப்ஷன்-ஜே தரும் ∆வுக்கும், Σவுக்கும் கூட்டற்குறி ∑வுக்கும் இதே உறவு. ° என்று நினைத்துப் பலர் தட்டுவது ஸ்பானிய வரிசையெண்ணில் வரும் சிறிய 'ஓ'. மேக்கில் ஆப்ஷனோடு சுழியம் தட்டினால் அதுதான் வரும், பாகைக்கு ஆப்ஷன், ஷிஃப்ட், 8. அந்தச் சிறிய 'ஓ'வுக்கு அடியில் சில எழுத்துருக்களில் ஒரு கோடு இருக்கும். வெப்பநிலைக்குக் கீழே கோடு தெரிந்தால் காரணம் இதுதான்.

அதனால் நான் இப்போது வேலை தொடங்குமுன் கூட இருப்பவர்களிடம் கேட்பது ஒன்றே: எந்த வழியில் தட்டுகிறீர்கள்? எல்லாரும் ஒரே வழி என்றால் எந்த வழி என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை, சிம்பல் எழுத்துருவைத் தவிர. வழி வேறு வேறு என்றால், முடித்த பிறகு ஒருமுறை தேடி மாற்றி, எல்லா மைக்ரோவையும் ஒரே குறியெண்ணுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். அந்த மருந்தியல் பாடத்தின் மறுபதிப்பு வந்தபோது வேர்டில் ஒவ்வொரு அளவின் அருகிலும் கர்சரை வைத்து ஆல்ட்-எக்ஸ் அழுத்திப் பார்த்தேன். 03 என்று தொடங்கினால் கிரேக்க எழுத்து, 00 என்று தொடங்கினால் மைக்ரோ குறியா வெறும் 'எம்'மா என்று இன்னொரு முறை உற்றுப் பார்க்க வேண்டியது. மொத்தம் மூன்று இடத்தில் 'எம்' கிடைத்தது. மெய்ப்பில் வட்டம் விழுந்தது அவற்றில் ஒன்றுக்குத்தான்.